கரிசல் கறுப்பாகவே இருக்கட்டும்

குளத்தூரில் நின்று செல்போனில் ஒரு நல்ல படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு. கிழக்கே வைப்பாறு கடலில் சேருகிற பக்கமாகப் போனால் உப்பளம். ஒரு பக்கம் அட்டக்கறுப்பு, மறுபக்கம் கண் கூசுகிற வெள்ளை. கேமராவுக்கு இந்த இரண்டுமே பிடிபடாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அது பழக்கப்பட்டிருக்கிறது. கரிசலைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் வெளிறிச் சிமெண்டுத் தரையாகிவிடும். உப்பைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு அழுக்குப் படிந்தது போல விழும். இதற்கு வைத்தியம் சுலபம். திரையில் மண் தெரிகிற இடத்தில் விரலை வைத்தால் பக்கத்திலேயே சின்னதாக ஒரு சூரியக் குறி வரும். கரிசலில் அதைக் கீழே இழுக்க வேண்டும். உப்பளத்தில் மேலே தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

விரலை இழுத்தவருக்குக் கரிசல் கறுப்பாக விழுகிறது. இழுக்காதவருக்கு ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு மண் விழுகிறது. வேலை முடிந்து வந்து, கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் படக்கலை செய்து பார்க்கவோ நாவல் எழுதவோ ஆசைப்படுகிற எவருக்கும் முதல் பாடம் இதுதான். கருவி நல்ல கருவி. ஆனால் இந்த மண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மண்ணைத் தெரிந்தவர்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மானாவாரிப் பூமிக்கு ஒரு குணம் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் என்று விதைப்பார்கள். தை, மாசியில் பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கோடை முழுக்கக் காடு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் கோயில் கொடை வரும், வில்லுப்பாட்டு வரும், ராத்திரியெல்லாம் நாடகம் நடக்கும், மடத்துத் திண்ணையில் கதை ஓடும். பிழைப்புக்கு வெளியே மிஞ்சுகிற நேரத்தைக் கலைக்குக் கொடுக்கிற பழக்கம் இந்த வட்டாரத்தில் புதிதாக முளைத்தது அல்ல. இன்று அந்த நேரம் செல்போனுக்குப் போகிறது. போகட்டும். அதே செல்போனில் படமும் செய்யலாம், நாவலும் எழுதலாம்.

ஏர், பஞ்சாலை, பலசரக்குக் கடை

கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்து சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள் நான்கு பேர்: கு. அழகிரிசாமி 1970, கி. ராஜநாராயணன் 1991, பூமணி 2014, சோ. தர்மன் 2019. முதல் இருவரும் இடைசெவல் என்கிற ஒரே கிராமம். இந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இவர்கள் எந்த வேலைக்கு நடுவே எழுதினார்கள் என்பதுதான் புதிதாக எழுத வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

கி.ரா. சம்சாரி. பள்ளிக்கூடப் படிப்பு ஏழெட்டு வகுப்போடு சரி. நிலத்தில் வேலை, விவசாயிகள் சங்கத்தில் வேலை, இதற்கு நடுவே விளாத்திகுளம் சாமிகளிடம் சங்கீதப் பைத்தியம். 'சரஸ்வதி' இதழில் 'மாயமான்' கதை வந்தது 1958-இல். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. 'கோபல்ல கிராமம்' நாவல் வந்த 1976-இல் ஐம்பதைத் தாண்டிவிட்டார். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு புத்தகம் வராவிட்டால் எல்லாம் போயிற்று என்று தவிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு வருடங்களையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

உருளைக்குடி சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். 'தூர்வை' 1996, 'கூகை' 2005, 'சூல்' 2016. மூன்று நாவலுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 'சூல்' ஒரு கண்மாயின் கதை. கண்மாய்க்கு யார் பொறுப்பு, மடையை யார் திறப்பார், அந்தப் பொறுப்பு கைமாறியபோது தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் கரையில் நடந்து பார்த்தவருக்குத்தான் வரும். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர். 'பிறகு' 1979, 'வெக்கை' 1982. இரண்டும் அரசு வேலைக்கு நடுவே எழுதியவை. ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். கோவில்பட்டி உதயசங்கர் ரயில் நிலைய அதிகாரியாக இருந்துகொண்டே குழந்தைகளுக்கு எழுதினார். 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினார். விளாத்திகுளம் பக்கத்து பா. செயப்பிரகாசம் செய்தித் துறையில் வேலை பார்த்தார். வடக்கே விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டில் மேலாண்மை பொன்னுச்சாமி பலசரக்குக் கடை வைத்திருந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. 'மின்சாரப் பூ' தொகுப்புக்கு 2007-இல் அகாதெமி விருது.

நாவல் என்கிற வடிவமே தமிழுக்கு இப்படித்தான் வந்தது. 1879-இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாக உத்தியோகம் பார்த்தவர். அவர் பிறந்த ஊரின் பெயரும் குளத்தூர்தான், ஆனால் அது திருச்சிப் பக்கத்துக் குளத்தூர். நம் ஊர்க்காரர்கள் பெயர் ஒற்றுமைக்காகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், உரிமை கொண்டாட வழி இல்லை.

இவர்களுக்கெல்லாம் எழுத்து பொழுதுபோக்கா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், வருவது நியாயமும்கூட. சம்பளம் தராத வேலை, யாரும் செய்யச் சொல்லாத வேலை, ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாத வேலை என்கிற பொருளில்தான் இங்கே அந்தச் சொல். 'சும்மா பொழுதுபோக்கு' என்று வீட்டில் ஒதுக்குகிற காரியத்துக்கு இந்த வட்டாரத்தில் இவ்வளவு பெரிய வம்சம் இருக்கிறது.

சீன் வரைந்தவர் தங்கிய ஊர்

எழுத்தாளர்களைப் பேசுகிற அளவுக்குக் கோவில்பட்டி தன் ஓவியர்களைப் பேசுவதில்லை. அது பெரிய குறை.

சி. கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து சீன் வரைந்தார். கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவர் 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், எஸ். மீனாட்சிசுந்தரம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகங்கள். கோவில்பட்டியில் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி இந்தியா முழுக்கச் சுவர் ஏறின. குருவும் சீடர் சுப்பையாவும் ஒரே படத்தில் சேர்ந்து வேலை செய்து இருவர் பெயரையும் போட்ட படங்கள் உண்டு. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் இவருடைய கலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1976-இல் கொண்டையராஜு மறைந்தார். 'கோபல்ல கிராமம்' வெளிவந்த அதே வருடம்.

அந்தக் காலண்டர் படம் ஒன்றை உற்றுப் பார்த்தால் இன்றைய டிஜிட்டல் படக்கலைஞர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பின்னால் மலை, அருவி, மண்டபம். இது நாடகச் சீன். முன்னால் அம்மனோ முருகனோ. முகத்தில் விழுகிற வெளிச்சம் மேடை வெளிச்சம். நகையின் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக ஒரு மினுக்கு. பின்திரை ஓர் அடுக்கு, உருவம் ஓர் அடுக்கு, ஒளி ஓர் அடுக்கு. இன்று செயலிகளில் 'லேயர்' என்று சொல்வதை அவர்கள் தூரிகையால் செய்துகொண்டிருந்தார்கள்.

புகைப்பட ஸ்டூடியோக்களின் கதையும் இதேதான். அங்கேயும் பின்னால் ஒரு சீன் துணி தொங்கும். படம் எடுத்த பிறகு நெகட்டிவை வெளிச்சப் பெட்டிமேல் வைத்து, கூர்சீவிய பென்சிலால் முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் நுணுக்கி நுணுக்கி மறைப்பார்கள். 'டச்சப்' என்று அதற்குப் பெயர். கறுப்பு வெள்ளைப் பிரதியில் உதட்டுக்குச் சிவப்பும் சேலைக்குப் பச்சையும் கையால் ஏற்றுவார்கள். வெளிநாட்டிலும் இந்தச் சங்கதி பழையது. ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டுச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டியது 1857-இல். அமெரிக்காவில் ஜெரி யூல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒரே தாளில் மரத்தையும் வீட்டையும் வானத்தையும் இணைத்தார். ஃபோட்டோஷாப் கடைக்கு வந்தது 1990-இல்தான். கம்ப்யூட்டர் வந்துதான் படத்தில் கைவைக்கிற பழக்கம் வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது.

இன்று இதற்குக் காசு கூடத் தேவையில்லை. ஸ்னாப்சீட் இலவசம். கம்ப்யூட்டர் இருந்தால் கிம்ப், கிருதா இரண்டும் இலவசம். ஸ்னாப்சீடில் 'டபுள் எக்ஸ்போஷர்' என்று ஒரு கருவி இருக்கிறது. குளத்தூர்க்காரர் ஒருவர் கோடை உழவு போட்ட கரிசல் நிலத்தைச் சாய்வு வெயிலில் ஒரு படம் எடுக்கிறார் என்று வையுங்கள். உப்பளத்தில் உப்பு அம்பாரத்தை இன்னொரு படம் எடுக்கிறார். முதலில் கரிசல் படத்தைத் திறந்து, அதன்மேல் உப்புப் படத்தை ஏற்றி, 'லைட்டன்' என்கிற முறையைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாவது படத்தில் வெள்ளையாக இருப்பது மட்டும் முதல் படத்தில் தெரியும், இருட்டானது மறைந்துவிடும். உழுத சாலுக்கு நடுவிலிருந்து உப்பு எழும்பி நிற்கும். வேண்டாத இடத்தைப் பிறகு விரலால் அழித்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. ஆனால் மழையை நம்பிப் பிழைக்கிற காடும், மழை வந்தால் கெட்டுப்போகிற உப்பளமும் சில மைல் இடைவெளியில் இருக்கிற ஊரில் பிறந்தவருக்குத்தான் இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கத் தோன்றும். ஐப்பசி மழைக்கு ஒரு வீட்டில் சந்தோஷம், பக்கத்து வீட்டில் வேலை போச்சு. இதைச் சொல்கிற படம் கலை. நிறத்தை மட்டும் மாற்றிய படம் வெறும் அலங்காரம்.

அந்த அலங்காரம்தான் இன்று அதிகம் கண்ணில் படுகிறது. யாரோ எங்கோ செய்துவைத்த நிறக் கோப்பை இறக்கிக்கொண்டு, கரிசலை ஆரஞ்சாகவும் வானத்தை மயில் நீலமாகவும் ஆக்கிவிடுகிறார்கள். நம் கோடை வானம் நீலமா? பங்குனி, சித்திரையில் அது வெளுத்த வேட்டி நிறம். அந்த வெளுப்பில்தான் இந்த ஊரின் வெக்கை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் 'தமிழ்நாட்டு கிராமம்' என்று கேட்டு வாங்குகிற படங்களின் கதையும் இதுவே. எந்த ஊரும் இல்லாத ஒரு கிராமத்தை அது தந்துவிடுகிறது. கேட்டு வாங்குவது சுகமாகத்தான் இருக்கும். அதில் எடுத்தவர் எங்கே நின்றார் என்பது இருக்காது.

இரண்டும் ஒரே கண்

படம் ஒரு பழக்கம், எழுத்து வேறு பழக்கம் என்று பிரித்து வைக்க வேண்டியதில்லை. பூமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவல் எழுதிய கையோடு, தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற குழந்தைகளைப் பற்றிக் 'கருவேலம் பூக்கள்' படத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக இயக்கினார். அவருடைய 'வெக்கை' 2019-இல் வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' ஆயிற்று. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதை 2008-இல் 'பூ' ஆயிற்று. கரிசல் எழுத்தில் காட்சி அவ்வளவு திடமாக இருப்பதால்தான் கேமரா அதைத் தேடி வருகிறது.

மெக்சிகோவில் ஹுவான் ருல்ஃபோ என்று ஒருவர் இருந்தார். நம் மானாவாரிப் பூமியைப் போலவே வறண்ட ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர். டயர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. வேலைக்காக ஊர் ஊராகக் காரில் போனபோது கையில் கேமரா வைத்திருந்தார். இடிந்த சுவர், ஆள் இல்லாத தெரு, வெயிலில் நிற்கிற பெண்கள் என்று எடுத்துத் தள்ளினார், ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள். 1953-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு, 1955-இல் 'பெத்ரோ பாராமோ' என்கிற சின்ன நாவல். லத்தீன் அமெரிக்க இலக்கியத்தையே அந்த நாவல் திருப்பிப் போட்டது. அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்தால், கண் முதலில் போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் சொல் பின்னால் வந்தது என்பது புரியும்.

இங்கே பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். கி.ரா.வைப் பல ஆண்டுகள் படம் எடுத்தவர் புகைப்படக்காரர் புதுவை இளவேனில். கயிற்றுக் கட்டிலிலும் நாற்காலியிலும் பேச்சிலும் சிரிப்பிலுமாக இன்று நமக்குத் தெரிந்த கி.ரா.வின் முகம் பெரும் பகுதி அவர் கேமரா வழியாக வந்தது. கடைசிக் காலத்தில் கி.ரா. தன் படைப்புகளின் உரிமையைத் தன் இரு மகன்களோடு இளவேனிலுக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஓர் எழுத்தாளர் ஒரு புகைப்படக்காரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் படம் எடுத்தவர்களில் எம். பழனிக்குமார் முக்கியமானவர். மதுரைப் பக்கத்து ஜவகர்லால்புரத்துக்காரர். மீன் விற்ற அம்மாவின் உழைப்பில் வளர்ந்தவர். கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்கிற 'பாரி' ஆவணத் தளத்துக்காக வேலை செய்கிறார். தயானிதா சிங் பெயரால் 'பாரி' வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் பெற்றார். உழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர் படங்களில் உப்பளத்துப் பெண்கள் பரிதாபத்துக்கு உரியவர்களாகத் தெரிவதில்லை. வேலை தெரிந்தவர்களாகத் தெரிகிறார்கள். எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் பேச்சுவார்த்தை இருந்தால்தான் இது வரும். களையெடுக்கிறவர்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்துவிட்டு ஓடிவருவது கலையும் இல்லை, மரியாதையும் இல்லை. "எக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் பெரும்பாலும் ஒரு கதையும் சேர்ந்தே கிடைக்கும். நாவல் எழுதுகிறவருக்கு அந்தக் கதை வேறு எங்கே கிடைக்கும்?

எழுதி முடிப்பதுதான் பாடு

நாவலைத் தொடங்காதவர்கள் குறைவு. முடித்தவர்கள்தான் அரிது. எட்டயபுரத்துப் பாரதிக்கே இது நேர்ந்தது. 'சந்திரிகையின் கதை' என்று அவர் எழுதத் தொடங்கிய நாவல் முடியாமலே 1921-இல் அவர் காலம் முடிந்தது.

அமெரிக்காவில் கிறிஸ் பாட்டி என்பவர் 1999-இல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதி நாவலின் முதல் வரைவை முடிப்பது. முதல் வருடம் 21 பேர். பிறகு உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் நவம்பர் மாதம் வந்தால் உட்கார்ந்து எழுதினார்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வேகம் எல்லோருக்கும் ஒத்துவராது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போய்வருகிறவர் ஒரு நாளைக்கு 300 சொல் எழுதினால் 200 நாளில் 60,000 சொல் ஆகிவிடும். அது ஒரு நாவல். 300 சொல் என்பது நோட்டில் ஒன்றரைப் பக்கம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளத்துக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் செல்போனிலேயே அடித்துவிடலாம்.

தமிழில் அடிப்பது இன்று பிரச்சினையே இல்லை. 2017 முதல் கூகுளில் தமிழில் பேசினாலே எழுத்தாக விழுகிறது. எழுத்துக் கூடையை வேகமாக நிறைக்க இது உதவும். ஆனால் அது புரிந்துகொள்வது பொதுத்தமிழை. கம்மாயும் கரம்பையும் பருத்திமாரும் உரையாடலில் வருகிறபோது அது தடுமாறும். திரும்ப உட்கார்ந்து கையால் திருத்த வேண்டும். திருத்தச் சோம்பல்பட்டு, கருவிக்குத் தெரிந்த சொல்லையே விட்டுவைத்தால் கரிசல் நாவலில் சென்னைக்காரர்கள் பேசுவார்கள். இந்த அபாயம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கி.ரா. ஊர் ஊராகச் சொல் பொறுக்கி 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார்; வருடம் 1982. ஒரு தனி மனிதர், பல்கலைக்கழகத்தின் தயவு இல்லாமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை. பல்கலைக்கழகமே பிறகுதான் அவரைப் பேராசிரியராக அழைத்தது, புதுவையில், 1989-இல். நாவல் எழுத நினைக்கிறவர் கையில் அந்த அகராதி இருக்க வேண்டும். அதோடு, அதில் இல்லாத சொல் ஒன்று வீட்டுப் பெரியவர் வாயில் விழுந்தால் குறித்துக்கொள்ளச் செல்போனிலேயே ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும்.

வெளியிடவும் வழி இருக்கிறது. பெங்களூரில் 2014-இல் தொடங்கிய பிரதிலிபியில் யார் வேண்டுமானாலும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். கிண்டிலில் தமிழ் மின்நூல்கள் 2016 முதல் இருக்கின்றன. எழுதியவரே நேராக ஏற்றிவிடலாம். கட்டற்ற உரிமையில் இலவசமாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. அட்டைப்படமும் தானே செய்துகொள்ளலாம். படக்கலை கைவந்தவருக்கு அங்கேயும் லாபம். ஆனால் ஒரு வார்த்தை. தினம் ஓர் அத்தியாயம் போட்டு, எத்தனை பேர் படித்தார்கள் என்று மணிக்கு ஒருதரம் பார்க்கிற பழக்கம் நாவலைக் கெடுக்கும். வாசகர் கேட்கிறார் என்று செத்த பாத்திரம் பிழைத்து வரும். கல்யாணம் மூன்று அத்தியாயம் தள்ளிப்போகும். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895-இன் கழுகுமலைக் கலவரத்தையும் 1899-இன் சிவகாசிக் கலவரத்தையும் ஆவணங்களில் தேடித் தேடி எழுதினார். 2012-இல்தான் புத்தகமாக வந்தது. முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, ஒரு மாதம் அப்படியே போட்டுவைத்து, திரும்பப் படித்துத் திருத்தி, அதன் பிறகு ஏற்றுகிறவர்தான் அடுத்த நாவலும் எழுதுவார்.

பழைய ஆல்பத்தைத் திறங்கள்

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு வீட்டுப் பரணில் ஒரு வழி கிடக்கிறது. தாத்தா, ஆச்சியின் கல்யாணப் படம். கொழும்புக்குப் போனவர் அனுப்பிய ஸ்டூடியோ படம். பழனிக்குப் போய் மொட்டை போட்டதும் எடுத்த குடும்பப் படம். பாதி பூசணம் பிடித்திருக்கும். மேலே ஈரத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது. காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்துச் செல்போனை நேர் மேலே பிடித்து எடுக்கலாம். கீறலைச் சரிசெய்வதும், இழந்த மூலையை ஒட்டவைப்பதும், விரும்பினால் நிறம் ஏற்றுவதும் டிஜிட்டல் படக்கலையின் முதல் வகுப்பு. அசல் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும். நிறம் ஏற்றும்போது ஊகமாக ஏற்றாமல், அந்தச் சேலை என்ன நிறம் என்று உயிரோடு இருக்கிற பெரியவரைக் கேட்டு ஏற்றினால், அந்தக் கேள்வியிலேயே நாவலின் முதல் அத்தியாயம் கிடைத்தாலும் கிடைக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லியும் ரமேஷ்குமாரும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களையும் படங்களையும் டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். மூடப்பட்ட ஸ்டூடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்த வேலை அது. தனி மனிதர் ஒருவரின் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சாட்சி. விளம்பரப் பலகை எழுதியவர். ஆசைக்காகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீசுகளும்தான் இன்று அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு 2022-இல் நினைவரங்கம் திறந்தது. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947 முதல் இருக்கிறது. கொண்டையராஜு பள்ளியின் படங்களையும் இந்த வட்டாரத்து ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களையும் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரே இடத்தில் சேர்த்து வைக்கவும் அரசு முன்வர வேண்டும். அதுவரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரமே வீட்டுப் பழைய படங்களை எடுத்து, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம், எந்த ஸ்டூடியோ என்று கேட்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும்.